வரைபைப் பாத்து நேர்கோட்டின் சமன்பாட்டை எழுதுறது எப்பிடி – திரும்ப ஓஎல் எழுதுறவங்களுக்கும் இப்பதான் தொடங்குறவங்களுக்கும்

நான் ஓஎல், அதாவது இலங்கையில க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை, ரெண்டு தரம் எழுதினன். முதல் தரம் பள்ளிக்கூடத்தால, கணிதம் சித்தியில்ல. ரெண்டாந்தரம் கன வருசத்துக்குப் பிறகு தனிப்பட்ட பரீட்சார்த்தியா, ஏனெண்டா நான் சேர நினைச்ச பயிற்சிக்கு கணிதச் சித்தி கட்டாயம் எண்டு சொல்லிட்டாங்க. ரெண்டாந்தரம் படிக்கேக்க மத்த எல்லாத்தையும் விட என்னை உலுப்பி எடுத்தது இந்த நேர்கோட்டு வரைபுதான். கோட்டைக் கீறி வச்சிருப்பாங்க, சமன்பாட்டை எழுதுக எண்டு கேப்பாங்க, நான் எழுதுவன், பிழை. திரும்ப எழுதுவன், திரும்பவும் பிழை. ஏன் பிழை எண்டு டியூசன்ல கேட்டா கவனமாப் பாக்கச் சொல்லுவாங்க, ஆனா எதைக் கவனமாப் பாக்கிறது எண்டு ஒருத்தரும் சொல்லல்ல.

பிறகு நானே பழைய பேப்பரெல்லாத்தையும் எடுத்து வச்சி, பிழைச்ச கேள்விகளை மட்டும் ஒரு கொப்பியில திரும்பக் கீறிப் பாக்கேக்கதான் விளங்கிச்சு, முக்கால்வாசி பிழையும் ஒரே பிழை. நான் அச்சில இருக்கிற எண்ணை வாசிக்கல்ல, கட்டத்தை எண்ணிட்டு இருந்திருக்கிறன். இப்ப அக்காட மகள் பத்தாம் ஆண்டு, அவளும் எங்கட விறாந்தையில இருந்து அதே பிழையைத்தான் விடுறாள். அவளுக்குச் சொல்லிக்குடுத்த ஒழுங்கிலயே இதை எழுதுறன், திருகோணமலையில எங்கட வீட்டில சொன்ன மாதிரியே இருக்கும், குறை நினைக்காதீங்க.

ஒரு விசயம். சமன்பாடுகளை நான் வாயால சொல்ற மாதிரி எக்ஸ், வை, எம், சி எண்டு எழுதியிருக்கிறன். நீங்க கொப்பியில எழுதேக்க வழமையான ஆங்கில எழுத்திலயே எழுதுங்க.

0. தொடங்க முதல் கையில இருக்க வேண்டியது

செலவு எண்டு பெருசா ஒண்டுமில்ல. சதுரக்கோடு போட்ட கொப்பி ஒண்டு, இல்லாட்டி வரைபுத்தாள் கொஞ்சம், கூர் சீவின பென்சில், அழிறப்பர், நேரான அடிமட்டம். அடிமட்டத்திட ஓரம் உடைஞ்சிருந்தா மாத்துங்க, வாசிக்கேக்க கோடு அரை மில்லிமீற்றர் விலகினாலே புள்ளி மாறிப்போகும். கல்குலேட்டர் வாங்கிப் பழகாதீங்க, ஓஎல் கணிதத்துக்கு அது கொண்டுபோக ஏலாது, அதனால தொடக்கத்தில இருந்தே கையால செய்யுங்க.

புத்தகம்: அரசாங்கப் பாடப்புத்தகம் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது சும்மா கிடைக்கும், வெளியால இருந்து எழுதுறவங்க கல்வி வெளியீட்டுத் திணைக்களத்திட இணையத்தளத்தில இறக்கி, தேவையான பாடத்தை மட்டும் போட்டோகொப்பி அடிச்சா காணும். முழுப்புத்தகத்தையும் அடிச்சி காசைச் செலவழிக்க வேணாம், நான் அடிச்சன், பாதி பக்கம் திறக்கவே இல்ல. காசு இருந்தா பழைய வினாத்தாள் தொகுப்பு ஒண்டு வாங்குங்க, அதுதான் உதவும்.

நேரம்: ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலம்படி ஒரு கிழமை இருந்தா இந்தப் பகுதி கைக்கு வந்திரும். எனக்கு மூண்டு மாசம் போச்சு, ஏனெண்டா வழி தெரியாது.

யூடியூப் பாத்துப் படிக்கிறவங்களுக்கு ஒண்டு சொல்லணும். தமிழ்நாட்டுக்காரர் நல்லாப் படிப்பிக்கிறாங்க, ஆனா சொல்லு வேற. அவங்க சாய்வு எண்டு சொல்றது எங்கட படித்திறன். ஆயத்தொலைவு எண்டா ஆள்கூறு. ஆதி எண்டா எங்கட புத்தகத்தில உற்பத்தி, ரெண்டு அச்சும் வெட்டுற (0, 0) புள்ளி. கூட்டல் கழித்தல் எண்டு சொல்லுவாங்க, நாங்க சக, சய எண்டு வாசிப்பம். இது தெரியாம ரெண்டு நாள் நான் சாய்வு வேற பாடம், படித்திறன் வேற பாடம் எண்டு நினைச்சிட்டு இருந்தன்.

1. கோட்டைப் பாக்க முதல் அச்சைப் பாருங்க

நேர்கோடு எண்டா வை = எம் எக்ஸ் + சி. எம் படித்திறன், அதாவது கோடு எவ்வளவு சரிவா ஏறுது இறங்குது எண்டது. சி வெட்டுத்துண்டு, அதாவது கோடு வை அச்சை வெட்டுற இடம். இந்த ரெண்டு எண்ணையும் கண்டுபிடிக்கிறதுதான் முழு வேலையும், வேற ஒண்டுமில்ல. நிலைக்குத்துக் கோடு மட்டும் இதுக்குள்ள அடங்காது, அதுக்குப் பிறகு வாறன்.

ஆனா எண்ணைக் கண்டுபிடிக்க முதல் அளவிடையைப் பாக்க வேணும். எக்ஸ் அச்சில ஒரு பெரிய கட்டத்துக்கு எவ்வளவு, வை அச்சில ஒரு பெரிய கட்டத்துக்கு எவ்வளவு எண்டு பாத்து தாளிட மூலையில எழுதி வைங்க. இந்த எழுதுற வேலைக்கு பத்து செக்கன் போகும், அந்தப் பத்து செக்கனை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் புள்ளியெல்லாம் இழந்தன்.

உதாரணத்துக்கு (0, 3), (4, 11) எண்ட ரெண்டு புள்ளிக்கூடாகப் போற கோடு ஒண்டை எடுங்க. எக்ஸ் அச்சில ஒரு கட்டத்துக்கு 1, வை அச்சில ஒரு கட்டத்துக்கு 2 எண்டு இருக்கு. கட்டத்தை எண்ணினா என்ன நடக்கும்? வலப்பக்கம் 4 கட்டம் போக மேல 4 கட்டம் ஏறுது, அப்ப படித்திறன் 1 எண்டு எழுதிப்போட்டு சந்தோசமா அடுத்த கேள்விக்குப் போயிருவம். பிழை. எண்ணை வாசிச்சா வை 3 இல இருந்து 11க்குப் போகுது, அதாவது 8. எக்ஸ் 0 இல இருந்து 4க்குப் போகுது, அதாவது 4. படித்திறன் 2. கோடு ஒண்டுதான், தாள் ஒண்டுதான், விடை பாதியாப் போகுது. அதனால கட்டம் எண்ணுற பழக்கத்தை முதல் நாளே விட்டிருங்க, ரெண்டு அச்சும் ஒரே அளவிடையில இருந்தாலும் எண்ணாதீங்க, கைப்பழக்கம் வந்தா பரீட்சை மண்டபத்தில மாத்த ஏலாது.

2. வெட்டுத்துண்டை வாசிங்க

கோடு வை அச்சை எங்க வெட்டுதோ அந்த இடத்து வை பெறுமானம்தான் சி. மேல சொன்ன கோட்டில 3. உற்பத்திக்கு கீழ வெட்டினா மறை எண் வரும், சய 4 எண்டால் சய 4தான், சய அடையாளத்தை விட்டிட்டு எழுதக்கூடாது. உற்பத்திக்கூடாகவே போனா சி பூச்சியம், அப்ப வை = எம் எக்ஸ் எண்டு மட்டும் எழுதினா போதும்.

இதில ரெண்டு பொறி இருக்கு. முதலாவது, சில பிள்ளைகள் எக்ஸ் அச்சை வெட்டுற இடத்தை எடுத்து சி எண்டு போடுவாங்க. அக்காட மகள் ஒரு கிழமை முழுக்க அப்பிடித்தான் செஞ்சாள். அதுக்கு நான் சொல்லிக்குடுத்தது, எக்ஸ் பூச்சியமா இருக்கேக்க வை எவ்வளவு எண்டு வாயால கேட்டுப் பாருங்க. எக்ஸ் பூச்சியம் எண்டா நீங்க வை அச்சிலதான் நிக்கிறீங்க.

ரெண்டாவது பொறி பெருசு. விஞ்ஞானப் பாடத்தில வாற வரைபுகளில அடிக்கடி அச்சு பூச்சியத்தில தொடங்காது. இடது ஓரத்தில நிக்கிற நிலைக்குத்துக் கோட்டைப் பாத்து அதுதான் வை அச்சு எண்டு நினைச்சிருவம், ஆனா அங்க எக்ஸ் 10 ஆக இருக்கும். இதை 5ஆவது படியில கணக்காச் செஞ்சி காட்டுறன், இப்போதைக்கு அச்சிட முதல் எண் பூச்சியமா எண்டு பாக்கப் பழகுங்க.

3. ரெண்டு நல்ல புள்ளி எடுங்க

நல்ல புள்ளி எண்டா கோடு கட்டத்திட மூலையில சரியாப் போற இடம். அரைகுறையா நடுவால போற இடத்தை எடுத்து 2.3ஆ 2.4ஆ எண்டு ஊகிக்க வேணாம். அடிமட்டத்தைக் கோட்டோட ஒட்டி வச்சி மெல்லப் பாத்துட்டுப் போனா மூலையில வெட்டுற இடம் ரெண்டு மூண்டு எப்பிடியும் அகப்படும். ரெண்டு புள்ளியும் ஒண்டுக்கொண்டு தூரமா இருக்கட்டும், கிட்டக்கிட்ட எடுத்தா வாசிக்கிறதில வாற சின்னப் பிழை பெருசாகும்.

ஆள்கூறு எழுதேக்க எக்ஸ் முதல், வை பிறகு. இது எல்லாருக்கும் தெரியும் எண்டுதான் நானும் நினைச்சன். ஆனா போன்ல வரைபடம் பாத்துப் பழகின பிள்ளைகளுக்கு இதில ஒரு குழப்பம் இருக்கு. திருகோணமலையைத் தேடினா 8.57, 81.23 எண்ட மாதிரி காட்டும். அதில முதல் வாறது அகலாங்கு, அதாவது மேல கீழ போற அளவு, பிறகுதான் நெடுங்கோடு, அது பக்கவாட்டில போற அளவு. எங்கட கணிதத்துக்கு நேர்மாறு. ஒருத்தி இதைச் சொல்லி என்னட்ட கேட்ட பிறகுதான் நானே கவனிச்சன், கெட்டிக்காரப் பிள்ளை. கணிதக் கொப்பியில பக்கவாட்டுத்தான் எப்பவும் முதல்.

4. படித்திறனைக் காணுங்க

வையிட வித்தியாசத்தை எக்ஸிட வித்தியாசத்தால பிரிக்கிறது. எழுதேக்க வை மேல, எக்ஸ் கீழ. தலைகீழாப் போட்டா 2 வரவேண்டிய இடத்தில அரை வரும்.

கணக்குத் தொடங்க முதல் கோட்டை ஒருக்கா கண்ணால பாருங்க. திருகோணமலையில பிரெட்றிக் கோட்டை வாசலால உள்ளுக்குப் போய் மான் நிக்கிற இடமெல்லாம் தாண்டி கோணேசர் கோயிலுக்கு ஏறுற வீதியை நினைங்க. இடமிருந்து வலமாப் போகேக்க ஏறினா படித்திறன் நேர், இறங்கினா மறை. அப்ப கோயில்ல இருந்து திரும்பி வரேக்க அதே வீதி இறக்கம்தானே எண்டு அக்காட மகள் கேட்டாள். சரியான கேள்வி. வீதியில நாங்க ரெண்டு பக்கமும் நடக்கலாம், வரைபில எப்பவும் இடமிருந்து வலமாத்தான் வாசிக்கணும், எழுத்து வாசிக்கிற மாதிரி. அப்பிடி வாசிச்சா ஒரு கோட்டுக்கு ஒரே அடையாளம்தான் வரும். நேரா மறையா எண்டு முதல்லயே பென்சிலால குறிச்சிட்டுத் தொடங்கினா கடைசியில அடையாளம் மாறி வந்தா உடன பிடிபடும்.

இப்ப இறங்குற கோடு ஒண்டு. புள்ளிகள் (−2, 7), (4, −5). வையிட வித்தியாசம் −5 சய 7, அது −12. எக்ஸிட வித்தியாசம் 4 சய −2, இங்கதான் எல்லாரும் விழுறது, சய சய எண்டு வந்தா சக ஆகும், 4 + 2 = 6. படித்திறன் −12ஐ 6ஆல பிரிக்க −2. கோடு இறங்குது, அடையாளமும் மறை, பொருந்துது. சய எண் வாற இடத்தில எப்பவும் அடைப்புக்குறி போட்டு எழுதுங்க, 4 − (−2) எண்டு. அந்த அடைப்புக்குறியைப் போடச் சொல்லி நான் எத்தனை தரம் சொல்றன் எண்டு வீட்டில எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு பொறி, மேல முதல் புள்ளியில இருந்து கழிச்சிட்டு கீழ ரெண்டாவது புள்ளியில இருந்து கழிக்கிறது. எந்தப் புள்ளியில தொடங்கினாலும் பரவாயில்ல, ஆனா மேல எதில தொடங்கினீங்களோ கீழயும் அதிலதான் தொடங்கணும்.

பின்னம் வந்தா பயப்பட வேணாம், பின்னமாவே விடுங்க. (0, 1), (3, 3) எண்ட புள்ளிகளுக்கு படித்திறன் 2/3. இதை 0.66 எண்டோ 0.67 எண்டோ எழுதாதீங்க, அது சரியான விடையில்ல, கிட்டத்தட்டதான். வை = 2/3 எக்ஸ் + 1 எண்டு எழுதுங்க, இல்லாட்டி எல்லாத்தையும் 3ஆல பெருக்கி 3வை = 2எக்ஸ் + 3 எண்டும் எழுதலாம், ரெண்டும் ஒண்டுதான். பெருக்கேக்க கடைசி எண்ணையும் பெருக்க மறக்காதீங்க.

5. வெட்டுத்துண்டு தாளில தெரியாட்டி

(−2, 7), (4, −5) கோட்டில சி என்ன எண்டு தாளில வாசிக்க ஏலாத மாதிரி இருந்தா பிரதியிட்டுக் காணலாம். படித்திறன் −2 எண்டு தெரியும், ஒரு புள்ளியையும் தெரியும். 7 = −2 தர (−2) சக சி, அதாவது 7 = 4 + சி, சி = 3. அப்ப வை = −2எக்ஸ் + 3. முடிஞ்சுது.

மேல சொன்ன பெரிய பொறிக்கு இதுதான் மருந்து. ஸ்பிரிங் ஒண்டில பாரம் தொங்கவிட்டு நீளம் அளந்த வரைபு எண்டு வைங்க. எக்ஸ் அச்சில பாரம், 10 கிராமில தொடங்குது. 10 கிராமுக்கு நீளம் 35 மில்லிமீற்றர், 20 கிராமுக்கு 55 மில்லிமீற்றர். இடது ஓரத்தில கோடு 35இல தொடங்குறதைப் பாத்து சி = 35 எண்டு எழுதினா பிழை, அது 10 கிராம் தொங்கேக்க உள்ள நீளம். படித்திறன் 20ஐ 10ஆல பிரிக்க 2. பிறகு 35 = 2 தர 10 சக சி, சி = 15. வை = 2எக்ஸ் + 15. அந்த 15தான் ஒரு பாரமும் இல்லாத ஸ்பிரிங்கிட நீளம். யோசிச்சுப் பாத்தா அழகா இருக்கு, தாளில கீறாத இடத்தில இருக்கிற எண்ணை நாங்க கணக்கால போய்த் தொட்டிட்டு வாறம்.

6. மூண்டாவது புள்ளியால சரி பாருங்க

இதைச் செய்யாம அடுத்த கேள்விக்குப் போகாதீங்க. எடுத்த ரெண்டு புள்ளியும் இல்லாம கோட்டில இன்னொரு புள்ளியை வாசிச்சி சமன்பாட்டில போடுங்க. முதல் உதாரணத்தில (2, 7) கோட்டில இருக்கு. 2 தர 2 சக 3, அது 7. சரி. கட்டம் எண்ணி வந்த பிழையான சமன்பாடு வை = எக்ஸ் + 3இல போட்டா 5 வரும், கோட்டில 7 இருக்கு, உடன பிடிபட்டிரும். இந்த ஒரு வேலையை நான் முதல்லயே பழகியிருந்தா ஒருத்தரிட்டயும் போய் ஏன் பிழை எண்டு கேட்டிருக்கத் தேவையில்ல.

எடுத்த அதே புள்ளியைப் போட்டுச் சரி பாக்கிறதில பிரயோசனம் குறைவு. அந்தப் புள்ளியைப் பிழையா வாசிச்சிருந்தாலும் சமன்பாடு அதுக்குச் சரியாத்தான் வரும்.

7. ஒரு மாதிரியான கோடுகள்

கிடையான கோடு: கடற்கரையில நிண்டு தூரத்தில பாத்தா கடலும் வானமும் சேருற கோடு எப்பிடி இருக்கும், அப்பிடி. ஏறவுமில்ல இறங்கவுமில்ல, படித்திறன் பூச்சியம். 5இல வெட்டினா வை = 5, அவ்வளவுதான். எக்ஸ் எங்க எண்டு தேடாதீங்க.

நிலைக்குத்தான கோடு: கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையில இராவணன் வெட்டு எண்ட பாறைப் பிளவைப் பாத்திருப்பீங்க, நேரா கீழ கடலுக்கு இறங்குது. அந்த மாதிரிக் கோட்டில எக்ஸிட வித்தியாசம் பூச்சியம், பூச்சியத்தால பிரிக்க ஏலாது, அதனால அதுக்குப் படித்திறன் எண்டு ஒரு எண் இல்ல. எம் எக்ஸ் சக சி எண்ட வடிவத்தில எழுதவே ஏலாது. எக்ஸ் அச்சை 3இல வெட்டினா சமன்பாடு எக்ஸ் = 3. கிடையான கோட்டுக்கு எக்ஸ் எண்டும் நிலைக்குத்துக் கோட்டுக்கு வை எண்டும் மாத்தி எழுதுறது பரவலான பிழை, கிடையா இருக்கிறது எக்ஸ் அச்சுத்தானே எண்டு மனசு சொல்லும். கோட்டில மூண்டு புள்ளி எடுத்து எழுதிப் பாருங்க, எந்த எண் மாறாம நிக்குதோ அதுட பேர்தான் சமன்பாட்டில வரும்.

சமாந்தரக் கோடுகளுக்கு படித்திறன் ஒண்டு, சி மட்டும் வேற. இதை வச்சி ரெண்டாவது கோட்டிட சமன்பாட்டைக் கேட்டா திரும்பப் படித்திறன் காணத் தேவையில்ல.

8. கதையோட வாற வரைபு

வள்ளம் ஒண்டு கடலுக்குப் போகுது, தாங்கியில 24 லீற்றர் மண்ணெண்ணெய், எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு எவ்வளவு மிச்சம் எண்டு வரைபு. கோடு (0, 24)இல தொடங்கி (6, 0)இல முடியுது. படித்திறன் −24ஐ 6ஆல பிரிக்க −4. வை = −4எக்ஸ் + 24. இதில −4 எண்டா மணித்தியாலத்துக்கு 4 லீற்றர் குறையுது, 24 எண்டா தொடங்கேக்க இருந்த அளவு. சமன்பாடு மட்டுமில்ல, படித்திறன் எதைக் குறிக்குது எண்டும் கேப்பாங்க, அப்ப வெறும் −4 எண்டு எழுதாம அலகோட ஒரு வசனம் எழுதுங்க. அலகு எப்பவும் வை அச்சிட அலகு பிரி எக்ஸ் அச்சிட அலகு. லீற்றர், மணித்தியாலம் எண்டு அச்சிலயே எழுதியிருக்கும், பாத்து எழுதுறதுக்கு ஒரு செலவுமில்ல.

9. பரீட்சையில நேரத்தை எப்பிடிப் பிரிக்கிறது

முதலாம் வினாத்தாள் ரெண்டு மணித்தியாலம். ஏ பகுதியில 25 கேள்வி, ஒவ்வொண்டுக்கும் 2 புள்ளி, பி பகுதியில 5 பெரிய கேள்வி. நேர்கோடு ஏ பகுதியில சின்னக் கேள்வியா வந்தா ரெண்டு நிமிசத்துக்கு மேல அதில இருக்க வேணாம். பழகேக்கயே மணிக்கூடு வச்சிப் பழகுங்க. முதல் நாள் ஒரு கணக்குக்கு ஆறு ஏழு நிமிசம் போகும், அது பரவாயில்ல, அஞ்சாறு நாளில மூண்டுக்கு வரும், பிறகு ரெண்டுக்கு வரும். வேகத்துக்காக ஆறாவது படியை வெட்டாதீங்க, சரி பாக்கிறதுக்கு இருபது செக்கன்தான்.

விடை மட்டும் எழுதாம படித்திறன் கண்ட வரியையும் எழுதுங்க, கடைசியில கூட்டல் பிழைச்சாலும் அந்த வரிக்கு ஒரு புள்ளி கிடைக்க வாய்ப்பிருக்கு. வரைபிலயே தெரிவு செஞ்ச ரெண்டு புள்ளியையும் சின்ன வட்டம் போட்டுக் குறிச்சி பக்கத்தில ஆள்கூறை எழுதுங்க.

வெளியால இருந்து எழுதுறவங்க முதல் நாளே அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் ஒரே உறையில போட்டு வைங்க, அந்த உறைக்குள்ளயே ரெண்டு பென்சில், அழிறப்பர், அடிமட்டம். நிலையம் எங்க எண்டு முதல் நாள் பின்னேரம் போய்ப் பாத்திட்டு வாங்க, கிண்ணியா, மூதூர் பக்கமிருந்து வாறவங்க பஸ் நேரத்தையும் சேத்துக் கணக்குப் பாருங்க. கேள்வித்தாள் கைக்கு வந்து நேர்கோடு கண்ணில பட்ட உடன பென்சிலை எடுத்து ரெண்டு அச்சிட அளவிடையையும் மூலையில எழுதிட்டுப் பிறகு கோட்டைப் பாருங்க.